வடம் அறுந்துவிட்டதா? தண்டுவடக் காயத்தை எம்.ஆர்.ஐ. எப்படிப் பார்க்கிறது

ஸ்கேன் அறையின் கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சு உண்டு. கோவையில் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னையிலிருந்து விழுந்தவரின் மச்சானாக இருக்கட்டும், தாராபுரம் சாலையில் மொபெட்டோடு சரிந்தவரின் மகளாக இருக்கட்டும், கோடை விடுமுறையில் தோட்டத்துக் கிணற்றில் தலைகீழாகக் குதித்து, தண்ணீர் வற்றிய அடிப்பாறையில் மோதிக்கொண்ட பையனின் அப்பாவாக இருக்கட்டும், படம் எடுத்துவிட்டு நான் வெளியே வந்ததும் எழுந்து நிற்பார்கள். "தம்பி, வடம் அறுந்துபோய்விட்டதுங்களா?"

படம் எடுப்பதுதான் என் வேலை. அதைப் படித்துச் சொல்ல வேண்டியவர் கதிரியக்க மருத்துவர். ஆகவே "டாக்டர் சொல்வாருங்க" என்று நகர்ந்துவிடுவேன். அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு பிழை இருக்கிறது என்பதை நின்று விளக்க அப்போது நேரம் இருப்பதில்லை. இப்போது இருக்கிறது.

பிழை 'வடம்' என்ற சொல்லில் தொடங்குகிறது. கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்ததைப் பார்த்த தலைமுறை எங்கள் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. மாடுகள் இழுக்க, தோல் சால் மேலே வரும் வரை அதைத் தாங்குவது வடக்கயிறு. அது அறுந்தால் சால் கிணற்றுக்குள் போயிற்று. அறாத வரை வாய்க்காலில் தண்ணீர். இரண்டே நிலைதான். தண்டுவடம் என்றதும் நம் மனதில் அந்தக் கயிறு வந்து நின்றுகொள்கிறது. அறுந்தது, அறவில்லை என்று மட்டுமே யோசிக்கிறோம்.

உண்மையில் தண்டுவடம் கயிறுபோல முரடானது அல்ல. ஆண்களில் சுமார் 45 செ.மீ. நீளம், சுண்டுவிரல் தடிமன், 35 கிராம் அளவுக்கு எடை. முதுகெலும்பின் நடுவே ஓடும் குழாய்க்குள், நீரில் மிதந்தபடி, மூன்று உறைகளுக்குள் இருக்கிறது. முதுகின் அடிவரை அது போவதும் இல்லை. இடுப்பின் முதல் இரண்டு முள்ளெலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பது நரம்பு வேர்களின் கற்றை. அதற்கு லத்தீனில் குதிரைவால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க்காரர் பெயர் வைத்திருந்தால் குதிரைவாலித் தட்டு என்றிருப்பார்.

தோல் உரிக்காத கதலிப் பழம் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் நடுவில் ஓர் அழுத்து அழுத்துங்கள். தோல் கிழியாது. பழம் இரண்டாகவும் ஆகாது. உள்ளே அந்த இடம் மட்டும் கூழாகியிருக்கும். பெரும்பாலான தண்டுவடக் காயம் இப்படிப்பட்டதுதான். எலும்பு நொறுங்கி உள்ளே தள்ளுகிறது, அல்லது முள்ளெலும்பு ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகிறது, அல்லது முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் பிதுங்கி இடிக்கிறது. வடம் நசுங்குகிறது, உள்ளே ரத்தம் கசிகிறது, வீங்குகிறது. முழுக்க இரண்டாக அறுபடுவது அரிது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: உள்ளே எவ்வளவு கூழாகியிருக்கிறது, எவ்வளவு மீந்திருக்கிறது? பழத்தை உரிக்காமல் இதைச் சொல்ல இன்று நம்மிடம் உள்ள கருவிகளில் எம்.ஆர்.ஐ.க்கு நிகர் இல்லை.

எக்ஸ்ரேயும் சி.டி.யும் வீண் என்று நான் சொல்லவில்லை. அடிபட்டு வந்தவருக்கு முதலில் எடுப்பது பெரும்பாலும் சி.டி.தான், சில நிமிடங்களில் முடிந்துவிடும், எலும்பு முறிவைத் துல்லியமாகக் காட்டும். ஆனால் இரண்டும் எலும்பின் சாட்சிகள். பெட்டி நசுங்கியிருக்கிறது என்று சொல்வார்கள். உள்ளே இருந்த சரக்கைப் பற்றிக் கேட்டால் கையை விரிப்பார்கள். பெட்டி நசுங்காமலே சரக்கு கெடுவதும் உண்டு. எக்ஸ்ரேயில் ஒரு குறையும் தெரியாத குழந்தைகளுக்குக் கால் விளங்காமல் போவதை 1982-இல் பாங், வில்பர்கர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் விவரித்து, அதற்குத் தனிப்பெயரே வைத்தார்கள். குழந்தையின் முதுகெலும்பு ரப்பர்போல இழுபட்டுத் திரும்பிவிடும்; உள்ளே இருக்கும் வடத்தால் அவ்வளவு இழுபட முடியாது. முதியவர்களிடம் இதே கதை வேறு விதமாக நடக்கிறது. கழுத்தெலும்புத் தேய்மானத்தால் குழாய் ஏற்கெனவே குறுகியிருக்கும். குளியலறையில் வழுக்கி, தாடை தரையில் இடித்து, கழுத்து பின்னுக்கு மடங்கினால் போதும். எலும்பு ஒன்றும் முறிந்திருக்காது. ஆனால் கால்களைவிடக் கைகள் அதிகமாகச் செயலிழந்து நிற்கும். "நடந்துதானே வந்தார், கையில் மட்டும் காபி டம்ளர் நிற்கவில்லை" என்று அழைத்து வருவார்கள். சி.டி. பார்த்து "எலும்பு நன்றாக இருக்கிறது" என்று நிம்மதி அடைந்த குடும்பம், எம்.ஆர்.ஐ. பார்த்த பிறகுதான் காரணத்தைப் புரிந்துகொள்ளும்.

இனி இயந்திரத்துக்குள் போவோம். எக்ஸ்ரேயில் உள்ளதுபோன்ற கதிர்வீச்சு இதற்குக் கிடையாது. முன்பு 'அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு' என்று அழைத்தார்கள்; அணு என்ற சொல்லைக் கேட்டு நோயாளிகள் மிரண்டதால் 'அணுக்கரு'வைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் விஷயம் என்னவோ அணுக்கருதான். நம் உடலில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். ஹைட்ரஜனின் கரு ஒரே ஒரு புரோட்டான். அது குட்டிக் காந்தம்போல நடந்துகொள்ளும். சாதாரண நேரத்தில் ஆளுக்கொரு திசை பார்த்துக் கிடக்கும். 1.5 டெஸ்லா காந்தத்துக்குள், அதாவது பூமியின் காந்தப்புலத்தைப்போல முப்பதாயிரம் மடங்குக்கும் மேலான புலத்துக்குள் ஆளைப் படுக்கவைத்தால், காந்தத்தின் திசைக்குச் சாய்ந்தவை எதிர்ப்பக்கம் சாய்ந்தவற்றைவிடச் சற்று அதிகமாகும். எவ்வளவு அதிகம்? பத்து லட்சத்துக்கு ஐந்து. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஒரு கன மில்லிமீட்டர் தண்ணீரில் ஆறரை லட்சம் கோடி கோடிக்கு மேல் ஹைட்ரஜன் இருக்கிறது. பத்து லட்சத்துக்கு ஐந்து என்று கணக்குப் போட்டாலும் மூன்று கோடி கோடி தேறும். அந்தச் சிறு மிச்சத்தை வைத்துத்தான் இந்த முழு வித்தையும் நடக்கிறது.

இந்தப் புரோட்டான்கள் தளரும் பம்பரம்போலத் தலையைச் சுற்றி ஆட்டும். எவ்வளவு வேகம் என்பது காந்தத்தின் பலத்தைப் பொறுத்தது. 1.5 டெஸ்லாவில் ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ். 3 டெஸ்லாவில் 128. இரண்டுக்கும் நடுவில் 100.5-இல் கொடைக்கானல் பண்பலை இருக்கிறது. எம்.ஆர்.ஐ. உண்மையில் ஒரு வானொலி வேலைதான். அதே அலைவரிசையில் வெளியிலிருந்து ஒரு வானொலி அலையைத் தட்டினால் புரோட்டான்கள் அதை வாங்கிக்கொண்டு சாயும். தட்டுவதை நிறுத்தினால் அவையே அலையைத் திருப்பி ஒலிபரப்பும். நாங்கள் கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான். வெளியே உள்ள வானொலி நிலையங்கள் குறுக்கிடக் கூடாது என்பதற்காக அறையைச் சுற்றிலும் உலோகத் தகடு பதித்திருக்கும்.

சரி, எந்தப் புரோட்டான் கழுத்தில் இருக்கிறது, எது இடுப்பில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? காந்தப்புலத்தைத் தலைமாட்டில் ஒரு துளி கூட்டி, கால்மாட்டில் ஒரு துளி குறைத்துவிட்டால் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு சுருதியில் பாடும். சுருதியை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இந்த யோசனையை 1973-இல் பால் லாட்டர்பர் வெளியிட்டார். அந்தக் கட்டுரையை இதழ் முதலில் திருப்பி அனுப்பிவிட்டது. 2003-இல் அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் கிடைத்தது. 1977 ஜூலை 3 அன்று மனித உடலை முதன்முதலில் இப்படிப் படம்பிடித்த ரேமண்ட் டமேடியன் தம்மை விட்டுவிட்டார்கள் என்று நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டார். அவர் எடுத்த அந்த ஒரு குறுக்குவெட்டுப் படத்துக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆனது. இருபது நிமிடம் அசையாமல் படுக்கச் சொன்னால் என்னை முறைப்பவர்களிடம் இதைச் சொல்வது வழக்கம். அந்த டக்டக் சத்தம், சுருதியை மாற்றும் கம்பிச்சுருள்கள் மின்சாரத்தில் அதிர்வதால் வருவது. இயந்திரம் பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். புண்பட்ட இடம் ஏன் வேறு நிறத்தில் தெரிகிறது?

வள்ளிக் கும்மி பார்த்திருப்பீர்கள். ஆசிரியர் பாட, நூறு பேர் ஒரே அடவில் காலெடுத்து வைக்கிறார்கள். பாட்டு சட்டென்று நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் பழக்கத்தில் எல்லோரும் ஒன்றாகவே ஆடுவார்கள். பிறகு ஒருவர் முந்த, ஒருவர் பிந்த, அடவு கலைந்துபோகும். வானொலி அலையை நிறுத்திய பிறகு புரோட்டான்களுக்கு நடப்பதும் இதுதான். ஒன்றாக ஆடும் வரை பலமான ஒலி வரும். கலைந்ததும் ஒலி மங்கும். இப்படிக் கலைய எடுக்கும் நேரத்துக்கு டி2 என்று பெயர். இன்னொன்று இருக்கிறது: ஆடி முடித்தவர்கள் போய்ப் பாயில் உட்கார எடுக்கும் நேரம், அது டி1.

கலையும் வேகம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. விசாலமான மைதானத்தில் ஆடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வதில்லை, நெடுநேரம் அடவு பிசகாது. தேங்கி நிற்கும் தண்ணீர் அப்படி. திசுவுக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் தண்ணீர் சீக்கிரம் கலைந்துவிடும். நாங்கள் சற்றுத் தாமதித்துக் காதைக் கொடுத்தால் தேங்கிய நீர் மட்டும் இன்னும் உரக்கப் பாடிக்கொண்டிருக்கும். படத்தில் அது வெள்ளையாகத் தெரியும். ஆகவே டி2 படத்தில் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர் பளிச்சென்ற வெள்ளை. நலமான வடம் அதன் நடுவே அடர்சாம்பல் பட்டை. வடம் வீங்கி உள்ளே நீர் கோத்துக்கொண்டால் அந்தச் சாம்பல் பட்டைக்குள் வெண்திட்டு தோன்றும். அறிக்கையில் 'டி2 ஹைப்பர்இன்டென்ஸ்' என்று எழுதியிருந்தால் அது இந்த வெள்ளைதான்.

இதோடு ரத்தம் சேர்ந்தால்? மைதானத்தின் ஓரத்தில் ஒருவர் வேறு தாளத்தில் பறையடிக்கத் தொடங்கினால் பக்கத்தில் ஆடுகிறவர்களின் அடவு உடனே குலையும். ஆக்சிஜனை இழந்த ரத்தத்தின் இரும்பு அந்தப் பறை. ஆக்சிஜன் இருக்கும்வரை ரத்தத்தின் சிவப்புப் பொருள் காந்தத்தைச் சட்டை செய்யாது. ஆக்சிஜன் போனதும் காந்தத்துக்கு இணங்கும். 1936-இலேயே லைனஸ் பாலிங்கும் சார்ல்ஸ் கோரியலும் கண்டுபிடித்துவிட்ட சங்கதி இது. அதனால் வெண்திட்டின் நடுவே ரத்தம் கட்டிய இடம் கறுப்பாகத் தெரியும். சில நாள்களில் ரத்தம் சிதைந்து வேறு வடிவம் எடுக்கும்போது டி1 படத்தில் அதே இடம் வெள்ளையாக மாறும். விழுந்த முதல் சில மணி நேரத்தில் அந்தக் கறுப்பு இன்னும் தோன்றாமலும் இருக்கலாம்.

வெள்ளை, கறுப்பு. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புரிய வேண்டியது இந்த இரண்டும்தான். வெள்ளை மட்டும் இருந்தால் வீக்கம். அதில் ஒரு பகுதி வடியக்கூடியது. வெள்ளைக்குள் கறுப்பு இருந்தால் நரம்புத் திசு நொறுங்கி ரத்தம் கட்டியிருக்கிறது என்று பொருள். மீள்வது கடினம் என்பதற்கான வலுவான அறிகுறி அது. இவ்வளவு நாள் இதைப் பார்த்ததில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது: படம் திரையில் விழுந்ததும் வெள்ளையைப் பார்க்க மாட்டேன், நடுவில் கறுப்பு உண்டா என்றுதான் கண் தேடும். மருத்துவர் கண்ணும் அங்கேதான் முதலில் போகும் என்பது என் கணிப்பு.

நெடுக்குவெட்டில் அந்த வெள்ளை எத்தனை முள்ளெலும்பு நீளத்துக்கு ஓடுகிறது என்று அளப்பார்கள். குறுக்குவெட்டு அதைவிடச் சுவாரசியமானது. மூளையில் சாம்பல் பொருள் வெளியேயும் வெண்பொருள் உள்ளேயும் இருக்கும். தண்டுவடத்தில் தலைகீழ். நடுவில் பட்டாம்பூச்சி வடிவத்தில் சாம்பல் பொருள். சுற்றிலும் மேலும் கீழும் செய்தி கொண்டுபோகும் நெடும்பாதைகள் அடங்கிய வெண்பொருள். கால் அசைய வேண்டுமானால் இந்தச் சுற்றுப்புறப் பாதைகள் மிஞ்ச வேண்டும். சான்ஃபிரான்சிஸ்கோ மருத்துவர்கள் 2015-இல் இதை வைத்து 0 முதல் 4 வரை ஒரு மதிப்பெண் முறை வகுத்தார்கள். வெள்ளையே இல்லையென்றால் 0. பட்டாம்பூச்சிக்குள் அடங்கியிருந்தால் 1. வெளியே பரவி, ஆனாலும் ஓரத்தில் கொஞ்சம் நலமான வளையம் மிச்சமிருந்தால் 2. முழு வட்டத்தையும் பிடித்துக்கொண்டால் 3. அதற்குள் கறுப்பும் இருந்தால் 4. கவனியுங்கள், இந்தக் கணக்கு முழுக்க மீந்திருப்பதைப் பற்றியது. அறுந்ததா என்று எங்கும் கேட்கவில்லை.

வடத்தைத் தவிர மற்றவற்றையும் படம் காட்டுகிறது: எலும்புகளைக் கட்டிவைத்திருக்கும் இணைப்பு நார்கள் கிழிந்தனவா, டிஸ்க் பின்னால் பிதுங்கி இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறதா, எலும்புக் குழாய்க்குள் ரத்தம் தேங்கியிருக்கிறதா. கொழுப்பும் டி2 படத்தில் வெள்ளையாகவே தெரிந்து கண்ணைக் குழப்பும் என்பதால், அதன் ஒலியை மட்டும் அடக்கிவிட்டு எடுக்கும் 'ஸ்டிர்' என்ற படம் இங்கே கைகொடுக்கும். அறுவை செய்பவருக்கு இந்த விவரங்கள் உடனே தேவை. வடத்தை எது அழுத்துகிறதோ அதை 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது என்பதை 2012-இல் வெளியான, பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு காட்டியது. அதேசமயம் கழுத்தில் அடிபட்டவரின் ரத்த அழுத்தமும் மூச்சும் தடுமாறிக்கொண்டிருந்தால் அவரை இந்தக் குழாய்க்குள் அரைமணி நேரம் விட முடியாது. நிலைப்படுத்திய பிறகே படம். "வந்து மூன்று மணி நேரம் ஆகிவிட்டது, இன்னும் ஸ்கேன் எடுக்கவில்லை" என்று கோபப்படுகிறவர்களிடம் நானும் கோபப்பட்டதுண்டு, இப்போது படுவதில்லை.

அதற்கும் முன்னால் நடப்பதை ஒரு வரி சொல்லிவிடுகிறேன், படத்தில் அதன் விளைவைப் பார்க்கிறவன் என்பதால். தோப்பில் விழுந்தவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்காதீர்கள். கைகால்களைப் பிடித்துத் தூக்கி டெம்போவில் போடாதீர்கள். தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே கட்டைபோல நேராக இருக்க, 108 வரும்வரை அப்படியே கிடக்கட்டும். நிலையற்ற எலும்பு வழியில் இன்னொரு முறை வழுக்கினால் கதலிப் பழத்துக்கு இரண்டாவது அழுத்து விழும்.

படம் மட்டும் போதுமா? போதாது. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் ஏதும் இல்லை. கோடிக்கணக்கான ரூபாய் இயந்திரத்துக்குச் சமமாக மருத்துவர் கையில் இருப்பது ஒரு குண்டூசியும் கொஞ்சம் பஞ்சும். உடலின் ஒவ்வொரு பக்கத்திலும் 28 இடங்களில் குத்தியும் தடவியும் உணர்ச்சியைப் பார்ப்பார்; பக்கத்துக்குப் பத்து தசைகளின் பலத்தைப் பார்ப்பார். கடைசியாக ஆசனவாயைச் சுற்றி உணர்வு இருக்கிறதா, இறுக்க முடிகிறதா என்று பார்ப்பார். உறவினர்கள் முகம் சுளிக்கும் சோதனை அது. ஆனால் தீர்ப்பு அங்கேதான் இருக்கிறது. தண்டுவடத்தின் கடைசி முனை வரை ஏதோ ஒரு நூல் வேலை செய்கிறதா என்பதை அந்த இடம் சொல்லும். முடிவை 'ஏ' முதல் 'இ' வரை ஐந்து தரமாகச் சொல்வார்கள். அங்கே எதுவுமே இல்லையென்றால் 'ஏ', முழுமையான காயம். உணர்வு மட்டும் மிச்சமென்றால் 'பி'. அடிபட்ட இடத்துக்குக் கீழே அசைவும் இருந்தால், பாதிக்கு மேற்பட்ட தசைகள் பலவீனமாக இருந்தால் 'சி', குறைந்தது பாதி நல்ல பலத்தோடு இருந்தால் 'டி'. எல்லாம் திரும்பிவிட்டால் 'இ'.

ஆனால் விழுந்த புதிதில் இந்தச் சோதனையும் ஏமாற்றும். அதிர்ச்சியில் வடம் மொத்தமாக மௌனமாகிவிடும். அனிச்சைகள் அடங்கிக் கிடக்கும். திரும்பிவர நாள்கள், சிலருக்கு வாரங்கள் ஆகும். மயக்கத்தில் இருப்பவரிடமோ தலையிலும் அடிபட்டவரிடமோ குண்டூசியால் எதையும் கேட்க முடியாது. அப்போது படம் பேசும். படம் தடுமாறும் இடத்தில் குண்டூசி பேசும். படத்தில் பெரிய வெள்ளை இருந்தும் கட்டைவிரலை அசைத்துக் காட்டியவர்கள் உண்டு. ஒன்றை மட்டும் வைத்து "நடப்பார்", "நடக்க மாட்டார்" என்று முதல் நாளே சொல்லும் யாரையும் நான் நம்புவதில்லை. வீக்கமும் முதல் இரண்டு மூன்று நாள்கள் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். முதல் நாள் படம் ஒரு நீண்ட கதையின் முதல் பக்கம்.

ஒரு மாதம் கழித்து எடுக்கும் படத்தில் காட்சி மாறியிருக்கும். வீக்கம் வடிந்து, இறந்த திசு இருந்த இடத்தில் நீர் நிறைந்த பொந்து ஒன்று தெளிவாகத் தெரியும். சூரிச் நகர ஆய்வாளர்கள் 2017-இல் அந்தப் பொந்தை விட்டுவிட்டு அதன் முன்னும் பின்னும் மீந்திருக்கும் மெல்லிய சாம்பல் கீற்றை அளந்தார்கள். அதற்குத் திசுப் பாலம் என்று பெயர். மில்லிமீட்டரில் அளக்கும் சமாச்சாரம்தான். ஆனால் அந்தப் பாலம் அகலமாக இருந்தவர்கள் ஓராண்டு முடிவில் நன்றாகத் தேறியிருந்தார்கள். பவானி ஆற்றில் வெள்ளம் வந்து சாலை அடித்துப்போன பிறகு, ஓரமாக ஒற்றை ஆள் நடக்கும் அளவுக்குக் கரை மிஞ்சியிருந்தால் பால்காரர் வந்துவிடுவார் அல்லவா, அப்படி. பிசியோதெரபி செய்கிறவர்களுக்கு இந்தக் கீற்று ஒரு துருப்புச்சீட்டு.

பொந்து அத்தோடு நிற்கவும் வேண்டியதில்லை. சிலருக்கு மாதங்கள், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து அது வடத்துக்குள் மேலும் கீழும் நீளும். சக்கர நாற்காலியில் பழகி வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர், "கையில் புதிதாக வலிக்கிறது, சூடு தெரியவில்லை" என்று சொன்னால் அதை அலட்சியம் செய்யாமல் மறுபடி எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வது இதனால்தான்.

இதுவரை சொன்ன படங்களுக்கு ஒரு குறை உண்டு: எங்கே நீர் கோத்திருக்கிறது என்று சொல்லும், நரம்பு இழைகள் உருப்படியாக இருக்கின்றனவா என்று நேரடியாகச் சொல்லாது. அதற்கு வந்ததுதான் பரவல் வழிப் படம். 1994-இல் பீட்டர் பாசரும் அவருடன் சேர்ந்தவர்களும் அடிப்படை போட்டார்கள். எங்கள் பக்கம் வயலைக் காடு என்றுதான் சொல்வோம். கரும்புக்காட்டுக்குள் ஒரு கன்றுக்குட்டி புகுந்துவிட்டது என்று வையுங்கள். கரும்பு நட்ட வரிசையான பாரோடு நெடுக ஓடும். குறுக்கே போக முடியாது, கரும்பு தடுக்கும். மேலே இருந்து பார்க்கும் உங்களுக்குக் கரும்பு தெரியாவிட்டாலும், கன்று ஓடிய தடத்தை வைத்துப் பார் எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். யானை புகுந்து மிதித்த காடென்றால் கன்று எந்தப் பக்கமும் ஓடும். தண்டுவடத்தில் கரும்பு என்பது நரம்பிழை. கன்று என்பது தண்ணீர் மூலக்கூறு. நீர் ஒரே திசையில் ஓடுகிறதா, நாலாபக்கமும் அலைகிறதா என்பதை 0 முதல் 1 வரை ஓர் எண்ணாகத் தருவார்கள். 1-ஐ நெருங்கினால் பார் ஒழுங்காக இருக்கிறது. அடிபட்ட இடத்தில் அந்த எண் இறங்கும். வியப்பு என்னவென்றால், சாதாரண டி2 படத்தில் நலமாகத் தெரியும் தூரத்து இடங்களிலும் அது இறங்கியிருக்கும், ஏனென்றால் வெட்டுப்பட்ட இழையில், தாய்ச்செல்லிலிருந்து துண்டான பகுதி கடைசிவரை பட்டுப்போகும்.

அழகான முறை, ஆனால் அடம்பிடிக்கும் முறை. மூளைக்கு எடுப்பதைப்போல வடத்துக்கு எடுக்க வராது. வடம் சின்னது, ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் அசையும், மூச்சுக்கு அசையும், பக்கத்தில் எலும்பும் காற்றும் காந்தப்புலத்தை நெளிக்கும். திருகாணி போட்டு அறுவை செய்தவருக்கு அந்த இடமே கறுப்பு ஓட்டையாகிவிடும். ஆகவே பெரும்பாலும் ஆய்வு மையங்களில்தான் இது முழுமையாகப் பயன்படுகிறது. நரம்பிழையின் கொழுப்புறையை அளப்பது, உள்ளே உள்ள வேதிப்பொருள்களை நிறமாலையாகப் படிப்பது என்று வேறு வழிகளும் உண்டு; அவையும் இதே வரிசையில் நிற்கின்றன.

பரவலைப் பற்றிப் பேசும்போது நம் ஊர்ப் பெருமை ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. முதுகெலும்பின் டிஸ்குக்கு ரத்தக் குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்புத் தட்டின் வழியாகக் கசிந்துவருவதே அதற்குச் சாப்பாடு. உயிரோடிருக்கும் மனிதரிடம் இது எப்படி நடக்கிறது என்பதை, சாயமருந்து செலுத்தி அடுத்தடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்துக் காட்டியது கோவை கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன் குழு. 2004-இல் வெளியான அந்த ஆய்வு பன்னாட்டுப் பரிசு பெற்றது. தண்டுவடக் காயத்தைப் பற்றியது அல்ல என்றாலும், திசுவுக்குள் நடக்கும் பரவலை வைத்தே அதன் நலத்தைப் படிக்கலாம் என்ற அதே வித்தை.

ஸ்கேனுக்கு முன்னால் நான் கேட்கும் கேள்விகள் சிலருக்கு எரிச்சல் தரும். இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா, மூளையில் கிளிப் உண்டா என்பவை எல்லோரும் எதிர்பார்ப்பவை. "லேத்தில் வேலை பார்த்ததுண்டுங்களா? கண்ணில் இரும்புத்தூள் பட்டதுண்டுங்களா?" என்பது எங்கள் ஊருக்கு மிகவும் பொருந்தும் கேள்வி. பம்புசெட்டும் கிரைண்டரும் வார்ப்படமும் செய்யும் ஊரில் பத்து வருடத்துக்கு முன் கண்ணில் தைத்த துகளைப் பலரும் மறந்திருப்பார்கள், காந்தம் மறக்காது. இந்தக் காந்தத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தில் குளிர்ந்திருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். படம் எடுக்காத நேரத்திலும் இரும்பு நாற்காலியையோ ஆக்சிஜன் சிலிண்டரையோ உள்ளே கொண்டுவந்தால் பறந்துபோய் ஒட்டும். முதுகில் ஏற்கெனவே டைட்டானியம் கம்பி வைத்தவர்கள் பொதுவாகப் பயப்பட வேண்டியதில்லை. அது இழுபடாது, படத்தைக் கொஞ்சம் கெடுக்கும், அவ்வளவுதான். ஆனாலும் எப்போது, எங்கே வைத்தது என்ற சீட்டைக் கையில் கொண்டுவாருங்கள்.

கடைசியாக அந்தப் பெரிய கவர். வீட்டுக்குப் போனதும் அதை அட்டாலியில் போட்டுவிடுகிறார்கள். ஓட்டு வெயிலில் ஃபிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. குறுந்தகடு எங்கே போனதென்று யாருக்கும் தெரிவதில்லை. ஒரு மாதம் கழித்தோ ஐந்து வருடம் கழித்தோ அடுத்த படம் எடுக்க வரும்போது, வெள்ளை எவ்வளவு சுருங்கியது, கறுப்பு எங்கே இருந்தது, பாலம் எந்தப் பக்கம் மிஞ்சியது, பொந்து வளர்கிறதா என்பதைச் சொல்ல மருத்துவருக்கு முதல் நாள் படம் வேண்டும். பீரோவில் பட்டா, பத்திரம் வைத்திருக்கும் அடுக்கில் அதற்கும் ஓர் இடம் கொடுங்கள். குறுந்தகட்டை இப்போதே பையனிடம் கொடுத்து இரண்டு பிரதி எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.